நான்கு ஆண்டுக்குக் கிடங்கில் போடும் சாமான் நல்லபடியாகத் திரும்பி வருமா?

கேள்வி: கணவரின் பணி நிமித்தம் குடும்பத்தோடு நான்கு ஆண்டுகள் வெளிநாட்டில் இருக்கப் போகிறோம். இப்போதுள்ள வாடகை வீட்டை இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும். மறைந்த என் அம்மாவின் மரப் பீரோ, அவர் மிதித்துத் தைத்த தையல் இயந்திரம், 600 புத்தகங்கள், சோபா, மெத்தைகள், குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி, புகைப்பட ஆல்பங்கள் என்று நிறைய இருக்கின்றன. ஒரு நிறுவனம் அனைத்தையும் பெரிய மரப்பெட்டிகளில் அடைத்து முத்திரையிட்டு, நாங்கள் திரும்பியதும் பிரித்துக் கொடுப்பதாகச் சொல்கிறது. இன்னொன்று தனி அறையை வாடகைக்குக் கொடுத்துச் சாவியை நம்மிடமே விட்டுவிடுகிறது. கணவரின் அண்ணனோ, தம் வீட்டு மொட்டைமாடி அறை சும்மாதான் கிடக்கிறது, எதற்குக் காசு என்கிறார். என் தங்கை இதே ஊரில் இருக்கிறாள். எதைத் தேர்ந்தெடுப்பது? எப்படிக் கட்டி வைப்பது?

பதில்: மொட்டைமாடி அறையை முதலில் கழித்துவிடுங்கள். அன்போடு சொல்லும் ஒருவரிடம் மறுப்பது சங்கடம்தான். ஆனால் வெயில் நேரே இறங்கும் தளத்துக்குக் கீழே உள்ள அறை பகலில் சுட்டு, இரவில் ஆறி, மழையில் கசிந்து, ஆண்டு முழுவதும் மரத்தையும் பசையையும் ரப்பரையும் அலைக்கழிக்கும். அவருடைய உதவியை வேறொன்றுக்குக் கேட்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன். மற்ற இரண்டில், சாவி உங்களிடம் இருக்கும் தனி அறையே உங்கள் நிலைமைக்கு ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் வீட்டில் உள்ள அனைத்தையும் கொண்டுபோய் அதில் அடைக்க வேண்டாம். பாதிக்கும் குறைவாகவே வையுங்கள். இந்த இரண்டு முடிவுகளுக்கும் காரணத்தைச் சொல்லிவிட்டால், நீங்கள் குறிப்பிடாத சாமான்களைப் பற்றியும் நீங்களே தீர்மானித்துக்கொள்ள முடியும்.

கிடங்கில் வாடகை வாங்குவது இடத்துக்குத்தான். பொருளின் மதிப்பை யாரும் பார்ப்பதில்லை. மூவர் அமரும் சோபா சுமார் 2 மீட்டர் நீளமும் 90 செ.மீ. அகலமும் 85 செ.மீ. உயரமும் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அது ஒன்றரைக் கன மீட்டரை அடைத்துக்கொள்கிறது. 45 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட புத்தகப் பெட்டிகள் அதே இடத்தில் ஏறத்தாழ 38 அடங்கும். உங்கள் 600 புத்தகங்களைப் பெட்டிக்கு 15 கிலோவைத் தாண்டாமல் அடுக்கினாலும் 15 பெட்டிகள் அளவில் முடிந்துவிடும். அதாவது, உங்கள் நூலகம் மொத்தமும் சேர்ந்து சோபாவின் பாதி இடத்தைக்கூடக் கேட்பதில்லை. இப்போது மாத வாடகையை 48 ஆல் பெருக்கி, இரண்டு முறை ஏற்றி இறக்கும் கூலியையும் காப்பீட்டுக் கட்டணத்தையும் சேர்த்து, மொத்தத்தில் ஒவ்வொரு பொருளும் அடைக்கும் இடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். நான்கு ஆண்டு பழையதாகித் திரும்பி வரப்போகும் சோபாவுக்குக் கட்டும் வாடகையில் புதிய சோபா வந்துவிடுமானால், அதை இப்போதே விற்பதுதான் கணக்கு. அம்மாவின் பீரோவுக்கு இந்தக் கணக்கைப் போட வேண்டியதில்லை; அதை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.

இரண்டாவது காரணத்தைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. சில பொருள்கள் பயன்படுத்தாமல் கிடந்தாலே கெட்டுப்போகும். நன்றாகத் துடைத்து, தாளில் சுற்றி, பெட்டியோடு வைத்த ஓட்டக் காலணிகளைச் சில ஆண்டுகள் கழித்து எடுத்துப் போட்டதும், இரண்டே அடியில் அடித்தட்டு பொடிப்பொடியாக உதிர்ந்ததை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்த அடித்தட்டில் இருக்கும் பாலியூரித்தேன் என்ற நெகிழி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து தானாகவே சிதையும். மேலே தோல் புதிதாகத்தான் இருக்கும். செயற்கைத் தோல் உறை போட்ட சோபாவும் கைப்பையும் செதில் செதிலாக உரிவதும் பெரும்பாலும் இதனால்தான். நுரை மெத்தையைக் காற்றை உறிஞ்சி உருட்டி வைத்தால் இடம் மிச்சமாகும். ஆனால் ஆண்டுக்கணக்கில் அழுந்திக் கிடந்த நுரை பழைய உயரத்துக்கு எழும்பாது. ஆகவே மெத்தைகளையும் காலணிகளையும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியையும் சலவை இயந்திரத்தையும் விற்றுவிடும்படி நான் சொல்வதற்கு என் சொந்தத் தவறும் ஒரு காரணம். வீட்டுச் சாமான்களைக் கட்டி அனுப்பும் தொழிலுக்கு வந்த புதிதில், வழியில் கதவு திறந்துகொள்ளக் கூடாதே என்று ஒரு குளிர்சாதனப் பெட்டியை ஒட்டுநாடாவால் இறுக்கச் சுற்றி அனுப்பினேன். கிடங்கிலும் அது அப்படியே நின்றது. ஒன்றரை ஆண்டு கழித்துப் பிரித்தபோது உள்சுவர் முழுக்கக் கரும்புள்ளிகள். கதவோர ரப்பரின் மடிப்புகளில் பூஞ்சை பஞ்சுபோலப் படர்ந்திருந்தது. அடித்தட்டுக்குக் கீழே ஒரு கரண்டித் தண்ணீர் நின்று வற்றிய வட்டம் மட்டும் தெரிந்தது. அவ்வளவு நாசத்துக்கும் அந்த ஒரு கரண்டிதான் காரணம். எத்தனை முறை கழுவியும் வாடை போகவில்லை. விற்க மனமில்லையென்றால், உறைபனி முழுவதும் உருகிய பின் உள்ளே துடைத்து, கதவைத் திறந்தபடி இரண்டு நாள் உலரவிட்டு, கிடங்கிலும் கதவு மூடிக்கொள்ளாமல் இடையில் ஒரு துணிச்சுருளைச் செருகி வையுங்கள். சலவை இயந்திரத்தில் குழாய்களிலும் வடிகட்டியிலும் தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும். முன்பக்கம் கதவுள்ளதாக இருந்தால், உள்ளிருக்கும் உருளை ஆடாமல் பிடித்துக்கொள்ள, வாங்கியபோது கழற்றிய உருளைப் பூட்டுத் திருகுகளைத் தேடி மாட்டிய பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும்.

அந்த ஒரு கரண்டித் தண்ணீரிலிருந்தே பெரிய விஷயத்துக்கு வருகிறேன். கிடங்கு என்றதும் எல்லாரும் திருட்டையும் தீயையும் பற்றிக் கேட்கிறார்கள்; அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் மூடிய அறையில் நாள்தோறும் வேலை செய்வது ஈரம். காற்றின் ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பத்தில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற அளவு) 65 முதல் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் துணி, தோல், தாள், மரம் எதிலும் பூஞ்சை பிடிக்கும். சுவரோ கூரையோ கசியத் தேவையில்லை. 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, சுமார் 24 டிகிரிக்குக் குளிர்ந்த பரப்பைத் தொட்டாலே பனித்துளியாகப் படியத் தொடங்கும். இரவில் வெளியே குளிர்ந்த தகரச் சுவரின் உள்பக்கத்தில் நடப்பது இதுதான். தகரக் கூரையாக இருந்தால் அந்தத் துளி உங்கள் பெட்டியின் மேல் சொட்டும். எனவே வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட அறையைக் கேளுங்கள். அப்படிச் சொல்லித் தருகிறவர்களிடம் ஈரப்பத அளவைக் காட்டச் சொல்லுங்கள். குளிர்விப்பான் ஓடுகிறது என்பது மட்டும் ஈரப்பதம் கட்டுக்குள் இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. 40 முதல் 60 சதவீதத்துக்குள் நிற்குமானால் வீட்டுச் சாமான்களுக்குப் போதுமானது. அறை தரைத்தளத்திலும் வேண்டாம், கூரையை ஒட்டிய தளத்திலும் வேண்டாம், நடுத்தளமே நல்லது.

சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். அது தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரைத்தான் பிடித்துக்கொள்ளும். 50 கிராம் பொட்டலம் நிறைவதற்கு 15 கிராமுக்குச் சற்று மேல் நீர் போதும். 60 கிலோ எடையுள்ள மரப் பீரோவிலோ, மரத்தின் ஈர அளவு 10 சதவீதத்திலிருந்து 14க்கு ஏறினாலே இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே போயிருக்கும். காற்றுப்புகாத சிறு பெட்டியில் கேமராவோடு வைக்கும்போது அந்தப் பொட்டலம் உதவும். பீரோவுக்குள் போட்டு ஆண்டுக்கணக்கில் மறந்துவிட்டால், அது நிறைந்துபோய்ச் சும்மா கிடக்கும்.

பீரோவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரம் ஈரத்தால் நீளவாட்டில் அநேகமாக மாறாது. இழைக்குக் குறுக்கேதான் விரிந்து சுருங்கும். அரை மீட்டர் அகலப் பலகை, ஈரப்பதம் ஏறி இறங்கும் அறையில் சில மில்லிமீட்டர் வரை அசையக்கூடும். அதற்கு இடம் கொடுக்காமல் இறுக்கிக் கட்டினால் பலகை வெடிக்கும் அல்லது கதவு பிடித்துக்கொள்ளும். எனவே நெகிழித் தாளால் நேரடியாகச் சுற்றவே கூடாது. அது உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாது; அதோடு, பபிள் ரேப்பின் குமிழ்கள் வார்னிஷில் வட்டம் வட்டமாகப் பதிந்துவிடும், அந்தத் தடத்தைப் போக்க மேல்பூச்சையே மறுபடி செய்ய வேண்டியிருக்கும். சுத்தமான பருத்தி விரிப்பால் போர்த்தி, அதன் மேல் கம்பளி உறை போட்டு, நாடாவால் லேசாகக் கட்டுங்கள். உள்ளே எதையும் அடைக்காமல், கதவு ஒரு விரல் அளவு திறந்திருக்கும்படி வையுங்கள். அதற்கு முன் அடிப்பாகத்தையும் முதுகுப் பலகையையும் டார்ச் விளக்கு வைத்துப் பாருங்கள். குண்டூசித் தலையளவு துளையும் அதன் கீழே மாவுபோன்ற தூளும் தெரிந்தால், உள்ளே வண்டு உயிரோடு இருக்கலாம். பூச்சி மருந்து அடித்துக் குணமாக்கிய பிறகே அது மற்றச் சாமான்களோடு ஓர் அறைக்குள் போக வேண்டும்.

தையல் இயந்திரத்துக்கு அதற்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயையே விடுங்கள். சமையல் எண்ணெய் விட்டால் நாளடைவில் கோந்துபோல இறுகி, சக்கரமே சுற்றாது. ஊசியைக் கழற்றி, தோல் வாரைச் சக்கரத்திலிருந்து இறக்கி, தளர்வாகச் சுருட்டித் தனியே வைத்துவிடுங்கள். மின்கலம் போடும் எந்தப் பொருளிலிருந்தும் மின்கலத்தை எடுத்துவிட வேண்டும். தொலைக்காட்சி ரிமோட்டுக்குள் கசிந்து வெள்ளை உப்பாகப் பூத்த மின்கலம் உள்ளிருக்கும் கம்பிச்சுருளை அரித்துவிடும். மடிக்கணினி, பவர் பேங்க் போன்ற லித்தியம் மின்கலப் பொருள்களைப் பல கிடங்குகள் ஏற்பதே இல்லை. அவற்றை உங்களோடு கொண்டுபோங்கள், அல்லது பாதியளவு மின்னேற்றி யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். தொலைக்காட்சியை வைப்பதானால் நிமிர்த்தியே வைக்க வேண்டும். ஒருபோதும் படுக்கவைக்கக் கூடாது.

புத்தகங்களைப் பெட்டியில் நிமிர்த்தியோ படுக்கைவசமாகவோ அடுக்கலாம். முதுகு மேலே தெரியும்படி, புரட்டும் விளிம்பில் நிற்க விட்டால், தாள்களின் எடையே கட்டுமானத்தை அட்டையிலிருந்து பிய்த்துவிடும். ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். அது வெப்பத்தில் உருகி ஒட்டும். அதிலுள்ள கந்தகம் அருகில் வெள்ளிப் பொருள் இருந்தால் கறுக்கவும் வைக்கும். துணிகளைத் துவைத்து, கஞ்சி போடாமல், துளி ஈரமும் இல்லாத அளவுக்குக் காயவைத்து மடியுங்கள். இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சியும் பசையும் விருந்து. கம்பளியையும் பட்டையும் தின்பது அந்துப்பூச்சியின் புழு. வியர்வையும் கறையும் இருக்கும் இடத்தைத்தான் அது முதலில் தேடிப் போகும். பாச்சை உருண்டை போடுவதானால், ஒரே வகையை, மூடிய பெட்டியில், துணியையோ நெகிழியையோ நேரே தொடாதபடி போடுங்கள். இரண்டு வெவ்வேறு வகை உருண்டைகளைக் கலந்தால் அவை உருகிக் கறை பிடிக்கும்.

கணவரின் அண்ணனிடம் கேட்க வேண்டிய உதவி இதுதான்: புகைப்பட ஆல்பங்களை அவர் வீட்டில், மனிதர் புழங்கும் அறையின் அலமாரியில் ஒரு தட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புகைப்படத்தின் மேல்பூச்சில் உள்ள ஜெலட்டின் ஈரத்தில் உப்பி, அடுத்த படத்தோடு ஒட்டிக்கொண்டால் பிரிப்பது அரிது. நாம் உறங்கி எழும் அறையின் காற்று, பெரும்பாலான கிடங்குகளைவிடப் படங்களுக்குப் பொருந்தும். போவதற்கு முன் அனைத்தையும் ஸ்கேன் செய்து, இரண்டு பிரதிகளை இரண்டு வேறு இடங்களில் வைத்துவிடுங்கள். பத்திரங்கள், சான்றிதழ்கள், நகை, பணம் எதுவும் கிடங்குக்குப் போகக் கூடாது.

இனி, ஒப்பந்தம். முத்திரையிட்ட மரப்பெட்டிக்கும் தனி அறைக்கும் உள்ள உண்மையான வேறுபாடு, சாவி யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. முதல் முறையில் நிறுவனம் உங்கள் பொருளை எண்ணி, ரசீது கொடுத்து, தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்கிறது. இரண்டாவதில் அது உங்களுக்கு இடத்தைத்தான் வாடகைக்குத் தருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது, ஆகவே அதன் பொறுப்பும் மிகக் குறைவு. காகிதத்தில் பார்த்தால் முதல் முறைதான் பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் அந்தப் பெட்டியை நான்கு ஆண்டுக்கு யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. முதல் மழைக்காலத்தில் பிடித்த பூஞ்சையைக் கண்டுபிடித்துத் துடைத்தால் அரைநாள் வேலையோடு போய்விடும். அதே பூஞ்சையை நான்காம் ஆண்டில் பார்த்தால் பொருளைத் தூக்கிப் போடத்தான் முடியும். உங்கள் தங்கை அதே ஊரில் இருக்கிறார் என்ற ஒரு வரிதான் என்னைத் தனி அறையின் பக்கம் சாய்த்தது. அவரால் முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் போய்வர முடியாதென்றால், என் பரிந்துரையை மாற்றிக்கொண்டு மரப்பெட்டி முறைக்கே போங்கள்.

மரப்பெட்டி முறையிலும் நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு. பல ஒப்பந்தங்களில் அதைப் பொருளின் எடையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அப்படியானால் ஒரு கிலோ எடையுள்ள விலையுயர்ந்த கேமராவுக்குக் கிடைப்பது ஒரு கிலோ இரும்புக்குக் கிடைப்பதுதான். ஆகவே எந்த முறையானாலும் தனிக் காப்பீடு தேவை. வீட்டுக் காப்பீடு இருந்தால் அது வெளியிடத்தில் உள்ள பொருளுக்கும், யாரும் குடியிராத காலத்துக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டில் பூஞ்சை, பூச்சி, துரு, தானாக நேரும் சிதைவு ஆகியவை வழக்கமாக விலக்கப்பட்டிருக்கும். இழப்பீடு புதுப்பொருளின் விலைக்கா, தேய்மானம் கழித்த விலைக்கா என்பதையும் பாருங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

ஒப்பந்தத்தில் இன்னொரு வாசகம் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும்: வாடகை பாக்கி நின்றால், முன்னறிவிப்புக்குப் பின் பொருளைப் பிடித்துவைக்கவும் விற்கவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்பது. பல நாட்டுச் சட்டங்களும் இதை ஏதோ ஒரு வடிவில் அனுமதிக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கடன் அட்டை காலாவதியானதால் தானியங்கிக் கட்டணம் நின்றது. அறிவிப்புகள் குடும்பத் தலைவர் விட்டுவந்த பழைய அலுவலக மின்னஞ்சலுக்கே போய்க்கொண்டிருந்தன. பழைய கைபேசி எண்ணும் வேறொருவர் கைக்குப் போயிருந்தது. அவர்களுக்கு விவரம் தெரிந்தபோது அறை காலியாக இருந்தது. கிடங்கின் மேல் பெரிதாகப் பழி சொல்லவும் முடியாது, ஒப்பந்தப்படிதான் செய்திருந்தார்கள். ஆகவே அறிவிப்பு உங்களுக்கும் தங்கைக்கும் சேர்த்தே வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அறைக்குள் போக அவருக்கு எழுத்துமூலமான அதிகாரமும் கொடுங்கள். வாடகையை எப்போது, எவ்வளவு உயர்த்தலாம் என்பதையும், உங்களைக் கேட்காமல் சாமான்களை வேறு கட்டடத்துக்கு மாற்றலாமா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள் எதையும் தரையில் வைக்க வேண்டாம். பத்துப் பதினைந்து செ.மீ. உயரமுள்ள பேலட் (சாமான் அடுக்கும் சட்டப் பலகை) மீது வைத்தால் கீழே தண்ணீர் வந்தாலும் தப்பும், காற்றும் போகும். சுவரிலிருந்து நான்கு விரல் இடம் விடுங்கள். நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகுமளவு வழி விட்டு அடுக்கச் சொல்லுங்கள். வேலையாட்கள் முணுமுணுப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். கடைசிப் பெட்டிவரை போக முடியாத அறைக்குள் உங்கள் தங்கை வந்து எதைப் பார்க்க முடியும்? பெட்டிகளின் இரண்டு பக்கத்தில் எண் மட்டும் எழுதுங்கள். எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்ற பட்டியலும், ஒவ்வொரு பொருளையும் ஏற்கெனவே உள்ள கீறலோடு எடுத்த படமும் உங்களிடமும் தங்கையிடமும் இருக்கட்டும். கதவருகே கண் உயரத்தில் ஒரு ஈரப்பதமானியை மாட்டிவிடுங்கள். தங்கை வரும்போதெல்லாம் அதைப் படம் எடுத்து அனுப்பி, பீரோவின் முதுகையும் தரையோரப் பெட்டிகளையும் ஒருமுறை முகர்ந்து பார்த்தால் போதும். பூஞ்சை பெரும்பாலும் கண்ணில் படுவதற்கு முன் மூக்கில் படும்.

இரண்டு மாதம் இருக்கிறது என்கிறீர்கள். அது தாராளமான நேரம், ஆனால் கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தால் போதாது. விற்பதையும் கொடுப்பதையும் முதல் மாதத்திலேயே முடித்துவிட்டு, எஞ்சியதை வைத்து அறையின் அளவை முடிவு செய்யுங்கள். முன்பே அறையைப் பிடித்தால், இடம் இருக்கிறதே என்று எல்லாம் உள்ளே போய்விடும். மழை பெய்யும் நாளில் சாமான் ஏற்ற வேண்டாம். பீரோவை மட்டும் இந்த வாரமே காலி செய்து, சுவரைவிட்டு நகர்த்தி, கதவுகளை அகலத் திறந்து வையுங்கள். உள்ளே எத்தனை ஆண்டு ஈரமும் வாடையும் தங்கியிருக்கிறது என்பது இரண்டு வாரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். அது போன பிறகுதான் அந்தப் பீரோ போர்வைக்குத் தயார்.